ஹாரன் சத்தத்தைச் சமாளிக்க 7 வழிகள்

திண்டுக்கல் பேருந்து நிலையம், பழனி சாலை, நாகல் நகர் பக்கம் குடியிருப்பவர்களுக்கு விடியும் முன்பே ஹாரன் சத்தம் தொடங்கிவிடும். இவற்றைச் செய்து பாருங்கள்.

1. கட்டிலைப் பின்பக்க அறைக்கு மாற்றுங்கள். நடுவே ஒரு சுவர் கூடினாலும் சத்தம் குறையும்.

2. ஜன்னல், கதவு இடுக்குகளில் ரப்பர் பட்டை ஒட்டுங்கள். காற்று புகும் வழியில்தான் சத்தமும் புகும்.

3. சாலைப் பக்க ஜன்னலை மூடி, பின்பக்க ஜன்னலைத் திறந்து வையுங்கள். புழுக்கமும் இருக்காது.

4. டிவி சத்தத்தைக் கூட்டாதீர்கள். காதுக்கு இரட்டைச் சுமை.

5. தூங்கும்போது மெடிக்கலில் கிடைக்கும் காதடைப்பான் வையுங்கள். வெறும் பஞ்சு சத்தத்தை அவ்வளவாகத் தடுக்காது.

6. நீங்கள் வண்டி ஓட்டும்போது சிக்னலில் ஹாரனைத் தொடாதீர்கள். தேவையின்றி அடித்தால் முதல்முறை 1,000 ரூபாய், மறுமுறை 2,000 ரூபாய் அபராதம். குடியிருப்புப் பகுதிகளில் இரவு 10 முதல் காலை 6 மணி வரை, அவசரம் தவிர, ஹாரனே கூடாது.

7. ஏர் ஹாரன் அடிக்கும் வண்டியின் எண், இடம், நேரத்தைக் குறித்து, போக்குவரத்துக் காவலரிடமோ வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலோ புகார் கொடுங்கள். விவரம் இருந்தால்தான் நடவடிக்கை எடுக்க முடியும்.