விளையாட்டின் வழி அறிவியல் தெளிவு

கற்பிப்பவர் முதலில் தாம் தெளிவு பெறல் வேண்டும். தொடக்கப்பள்ளி ஆசிரியர் ஒருவரே மொழி, கணிதம், அறிவியல் எனப் பல பாடங்களையும் ஏற்க நேர்கிறது. மாணவர் தொகை குறைந்த தோட்டப்பள்ளிகளில் இந்நிலை மிகுதி. அறிவியலைத் தனித்துறையாகப் பயிலாத ஆசிரியரின் உள்ளத்தில் தவறான கருத்தொன்று தங்கிவிடின், அஃது ஆண்டுதோறும் ஒரு வகுப்புக்குச் சென்று சேரும். அதனை வீட்டில் திருத்தத் தோட்டப் பிள்ளைகளுக்கு வேறு துணை கிடைப்பது அரிது.

இது நம்மவர்க்கு மட்டும் உரிய குறையன்று. 1987ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த கல்விப் படமொன்றில், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சார்ந்த 23 பேரிடம் பருவகாலங்கள் ஏன் மாறுகின்றன, நிலவு ஏன் தேய்ந்து வளர்கிறது என்பன போன்ற எளிய வினாக்கள் கேட்கப்பட்டன. 21 பேர் தவறாகவே விளக்கினர். ஆகவே, அறியாமைக்கு நாணாது திருத்திக்கொள்ள முனைவதே அறிவுடைமை.

பினாங்கு மாநிலத்தார்க்கு இதில் ஒரு வாய்ப்பு உண்டு. தென்கிழக்காசிய நாடுகளின் அறிவியல், கணித ஆசிரியர்களுக்குப் பயிற்சி வழங்கும் ரெக்சாம் நிலையம் 1967 முதல் இம்மாநிலத்தில், குளுகோரில் இயங்கி வருகிறது. எனினும், கெப்பாலா பத்தாஸ் வட்டார ஆசிரியர்கள் நான்கைந்து பேர் ஒரு மாலையில் கூடினால், செலவின்றித் தாமே பயிலத்தக்க விளையாட்டுகளும் உள்ளன.

முதலாவது, நிலா விளையாட்டு. இருண்ட அறையின் ஒரு புறம் விளக்கொன்று எரியட்டும், அது கதிரவன். ஆடுபவர் தலையே பூமி. குச்சியில் செருகிய வெண்பந்து நிலவு. தைப்பூசம், தீபாவளியை ஒட்டிய அமாவாசை, நோன்புப் பெருநாள் பிறை எனச் சீட்டுகளில் எழுதிக் கலக்குக. ஒருவர் சீட்டெடுத்ததும், பந்தை எங்கே பிடித்தால் அந்நிலவு தோன்றும் என்பதை அனைவரும் முன்கூட்டியே எழுத வேண்டும். பிறகே பந்தை நகர்த்திப் பார்க்கலாம். சரியாகக் கணித்தவர்க்கு ஒரு புள்ளி. காரணத்தைப் பிறர் ஏற்குமாறு விளக்கியவர்க்கு இரண்டு.

பூமியின் நிழல் விழுவதால் நிலவு தேய்கிறது என்று நம்புவோர் பலர். விளக்குக்கு முதுகு காட்டிப் பந்தைத் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்தால் முழுநிலவு தோன்றும். அங்கேயே தாழ்த்தினால் தலையின் நிழல் பந்தில் விழும். அது சந்திர கிரகணம். பிறை தோன்றும்போதோ பந்து விளக்கின் பக்கமே இருக்கும்; நிழல் அங்குச் செல்ல வழியில்லை. நிலவின் ஒளிபெற்ற பாதியில் எவ்வளவு நமக்குத் தெரிகிறது என்பதே வளர்பிறைக்கும் தேய்பிறைக்கும் காரணம் என்பதைக் கண்ணே உணர்த்திவிடும்.

இரண்டாவது, கயிற்று விளையாட்டு. செம்பனை, எலி, பாம்பு, ஆந்தை எனப் பெயர் தாங்கி வட்டமாக நிற்கவும். உண்ணப்படுவது உண்பதன் கையில் கயிற்றைக் கொடுக்கும். உணவுச் சங்கிலியின் அம்பு உண்பதை நோக்கியே செல்லும் என்பது, சக்தி செல்லும் திசையைக் கொண்டு இங்கே விளங்கும். எலிக்கு நஞ்சு வைத்ததாகச் சீட்டு வந்தால் எலி கயிற்றை அசைக்க, அசைவு ஆந்தையையும் எட்டும். எலிகளை ஒழிக்கத் தோட்டங்களில் ஆந்தைக் கூண்டு வைப்பதையும், நஞ்சுண்ட எலியால் அதே ஆந்தை மடியக்கூடும் என்பதையும் இதனோடு இணைத்துப் பேசலாம்.

ஒன்றை நினைவில் கொள்க. பகடை உருட்டிப் பெயர்களை ஒப்பிக்கும் ஆட்டம் நினைவாற்றலை வளர்க்கலாம். தவறான கருத்தை நீக்காது. வெற்றி நற்பேற்றைச் சாராமல் விளக்கத்தைச் சார்ந்திருத்தல் வேண்டும். ஆட்டம் முடிந்தபின், முன்னர் எழுதியதையும் பின்னர்க் கண்டதையும் ஒப்பிட்டுக் கால்மணி நேரமாவது உரையாடுதல் இன்றியமையாதது. கற்றல் நிகழ்வது பெரிதும் அங்கேதான்.

பந்து, விளக்கு, கயிறு ஆகியவை எல்லாப் பள்ளியிலும் உண்டு. ஆசிரியர்கள் முதலில் தமக்குள் ஆடித் தெளிவு பெறுவாராயின், மறுநாள் வகுப்பில் அமரும் பிள்ளைகள் அத்தெளிவின் பயனை வாழ்நாள் முழுவதும் பெறுவர்.