வீட்டு வாசலில் வேதியியல்

வேதியியல் என்றவுடன் சோதனைச் சாலையில் உள்ள குடுவைகளும், பியூரெட்டும் பிப்பெட்டும் நம் நினைவிற்கு வருகின்றன. ஆனால் அடுப்பில் கொதிக்கும் ரசத்திலும், கிணற்று நீரிலும், துவைக்கும் சோப்பிலும், வீட்டிலுள்ளோர் வேலைக்கு அணிந்து செல்லும் சட்டையிலும்கூட வேதியியல் உண்டு. திருவள்ளூர் முதல் கும்மிடிப்பூண்டி வரை வாழும் நமக்கு இதனை அறிந்திருப்பது மிகவும் அவசியம். ஏனெனில் நம்மைச் சுற்றி உருக்காலைகளும், கம்பி ஆலைகளும், ரசாயன ஆலைகளும் இருக்கின்றன. நம்மில் பலருடைய வீட்டில் அடுப்பு எரிவது அந்த ஆலைகளில் கிடைக்கும் சம்பளத்தால்தான்.

ஆகவே பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள், எங்கள் வீட்டாரிடமும் அண்டை அயலாரிடமும் சென்று, "வேதியியலில் உங்களுக்கு என்ன சந்தேகம்?" என்று கேட்டோம். கிடைத்த கேள்விகளுக்கு விடை தேடினோம். இப்படிச் செய்வது புதிதன்று. லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் மைக்கேல் ஃபாரடே, 1860ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் விடுமுறையில், ஒரு மெழுகுவர்த்தியை மட்டுமே பொருளாகக் கொண்டு சிறுவர் சிறுமியருக்கு ஆறு சொற்பொழிவுகளைத் தொடங்கினார். நம் நாட்டில் ராஜாஜி, "திண்ணை ரசாயனம்" என்னும் நூலைத் தமிழில் எழுதினார். பெயரே அதன் நோக்கத்தைச் சொல்லும்.

விடை எழுதத் தொடங்குமுன் எங்கள் ஆசிரியை ஒரு விதி வகுத்தார்கள். ஒவ்வொரு விடையிலும் "ஏன்?" என்பதும் இருக்க வேண்டும், "நான் என்ன செய்ய வேண்டும்?" என்பதும் இருக்க வேண்டும். இரண்டாவது இல்லையேல், கேட்டவருக்கு அந்த விடையால் பயனில்லை. இனி அக்கேள்விகளுள் சிலவற்றைக் காண்போம்.

1. மஞ்சள் கறையில் சோப்பு போட்டால் ஏன் சிவக்கிறது?

இதைக் கேட்டவர் ஒரு சித்தி. மஞ்சளில் குர்குமின் என்னும் நிறப்பொருள் உள்ளது. அது காரத்தோடு சேர்ந்தால் சிவக்கும். சோப்பு காரத்தன்மை உடையது. ஆரத்தி கரைக்கும்போது மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்ததும் தண்ணீர் சிவப்பதும் இதனாலேயே. சோதனைச் சாலையில் நாம் லிட்மஸ் தாளைக் கொண்டு அறிவதை நம் பாட்டிமார் ஆரத்தித் தட்டில் கண்டிருக்கிறார்கள். சிவந்த இடத்தில் எலுமிச்சைச் சாறு விட்டால் மீண்டும் மஞ்சளாகும். குர்குமின் வெயிலில் சிதையுமாதலால், துவைத்த துணியை நல்ல வெயிலில் உலர்த்தினால் கறை வெளுத்துவிடும்.

2. ஈயம் விஷம் என்கிறார்களே, ஈயச் சொம்பில் ரசம் வைக்கலாமா?

இக்கேள்வியை நான்கு வீடுகளில் கேட்டார்கள். தமிழில் ஈயம் என்ற ஒரே சொல் இரண்டு உலோகங்களுக்கு வழங்குகிறது. ஒன்று வெள்ளீயம், மற்றொன்று காரீயம். ரசச் சொம்பு வெள்ளீயத்தால் செய்யப்படுவது. அதில் ரசம் வைப்பதால் தீங்கில்லை. காரீயமோ நஞ்சு. பேட்டரியில் இருப்பது காரீயமே.

வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். வெறும் சொம்பை அடுப்பில் வைத்தால் அது உருகி ஓடுவது இதனால்தான். உள்ளே ரசம் இருந்தால் சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும், சொம்பும் தப்பும்.

விலை குறைவு என்று வாங்கும் சொம்பில் காரீயம் கலந்திருக்கக் கூடும். வெள்ளீயம் நீரைப்போல் ஏழு மடங்கு எடையுள்ளது. காரீயம் பதினொரு மடங்கு. காரீயத்தை வெள்ளைத் தாளில் தேய்த்தால் கரிய கோடு விழும். ஆனால் சிறிதளவு கலப்பு இருந்தால் கையால் தூக்கியோ, தாளில் தேய்த்தோ கண்டுபிடிக்க இயலாது. ஆகவே நம்பிக்கையான கடையில் மட்டும் வாங்க வேண்டும்.

3. எங்கள் கிணற்று நீர் ஏன் உப்பாயிற்று? கொதிக்க வைத்தால் சரியாகுமா?

மீஞ்சூர்ப் பக்கம் வசிக்கும் ஒரு பாட்டி, "ஏம்மா, நான் கல்யாணமாகி வந்தபோது இந்தக் கிணறு இளநீராக இருந்ததே!" என்று கேட்டார்கள். ஆரணியாறும் கொசஸ்தலையாறும் பாயும் இப்பகுதியில் நிலத்தடி நீர் மிகுந்திருந்தது. வயல்களுக்கும், ஆலைகளுக்கும், சென்னை நகரத்திற்கும் பல ஆண்டுகள் அதனை இறைத்தார்கள். கடற்கரை ஓரத்தில் மண்ணுக்கடியில் நன்னீரும் கடல்நீரும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்கின்றன. நன்னீரை அளவுக்கு மீறி இறைத்தால் கடல்நீர் உள்ளே நகர்ந்து வரும். மீஞ்சூரில் நேர்ந்தது இதுவே.

இங்கே இரண்டு குறைகளைப் பிரித்தறிய வேண்டும். சோப்பு நுரைக்காத நீர் கடின நீர். அதில் கால்சியம், மக்னீசியம் உப்புகள் உள்ளன. இக்கடினத்தில் ஒரு பகுதி கொதிக்க வைத்தால் நீங்கும். பாத்திரத்தின் அடியில் படியும் வெள்ளைப் பொருக்கே அதற்குச் சாட்சி. ஆனால் கடல்நீரின் சோடியம் குளோரைடு கொதித்தால் போகாது. நீர் ஆவியாகிக் குறையக் குறைய, மிஞ்சிய நீர் இன்னும் கரிக்கும். ஆகவே பாட்டிக்கு நாங்கள் சொன்ன விடை, "கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உப்பு போகாது" என்பதே.

ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. அதனைப் பிரித்து நாள்தோறும் பத்துக் கோடி லிட்டர் நன்னீர் தரும் அளவில் மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில் அமைந்த ஆலை 2010ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. மிகுந்த அழுத்தத்தால் கடல்நீரை மெல்லிய சவ்வின் வழியே செலுத்துகிறார்கள். நீர் மட்டும் அப்பால் செல்கிறது. இதற்கு மின்சாரம் நிறைய வேண்டும். மழைநீரைக் கிணற்றருகே மண்ணில் இறக்கினால், நன்னீர் பெருகிக் கடல்நீரைத் தடுக்கும். இதனை ஒவ்வொரு வீட்டிலும் செய்யலாம்.

4. ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடரும் சேர்த்தால் கழிவறை இன்னும் சுத்தமாகுமா?

ஆகாது, ஆபத்துதான் விளையும். பிளீச்சிங் பவுடரின் மேல் அமிலம் பட்டால் குளோரின் வாயு வெளிப்படும். 1915ஆம் ஆண்டு ஏப்ரல் 22ஆம் நாள், முதல் உலகப் போரில், பெல்ஜியத்தின் ஈப்ரு நகரருகே போர்வீரர்கள் மீது ஏவப்பட்ட வாயு இதுவே. இது காற்றைப்போல் இரண்டரை மடங்கு கனமானது. ஆகவே தரையோரத்தில் தங்கும். குனிந்து தேய்ப்பவரின் முகம் அங்கேதான் இருக்கிறது! சன்னலற்ற சிறு அறை எனில் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு நாளில் ஒன்றை மட்டுமே பயன்படுத்த வேண்டும். முன்னர் ஊற்றியதை நிறைய நீரால் கழுவிய பின்னரே மற்றதைத் தொட வேண்டும். தப்பித் தவறிக் கலந்து நெடி எழுந்தால், கழுவ முயலாமல் உடனே வெளியே வந்து நல்ல காற்றில் நிற்க வேண்டும். இருமலோ மூச்சுத் திணறலோ இருந்தால் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

5. இரவில் திடீரென்று நெடி அடித்தால் என்ன செய்வது?

கேட்டவர் எண்ணூரில் உறவினர் உள்ள ஓர் அண்ணன். 2023ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி, எண்ணூரை அடுத்த பெரியகுப்பம் அருகே, கப்பலிலிருந்து உர ஆலைக்கு அம்மோனியா கொண்டு வரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. உறங்கிக் கொண்டிருந்த மக்கள் கண் எரிச்சலோடும் மூச்சுத் திணறலோடும் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடி வந்தார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள்.

அம்மோனியா நீரில் மிக எளிதாகக் கரையும் என்பதை வகுப்பில் நீரூற்றுச் சோதனையில் காண்கிறோம். நம் கண்ணிலும் தொண்டையிலும் உள்ள ஈரத்தில் அது கரைந்து காரமாக மாறுவதால்தான் எரிகிறது. அதே குணத்தை நமக்கு உதவியாகவும் கொள்ளலாம். நனைத்த துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டால் வாயுவில் ஒரு பகுதி துணியின் நீரிலேயே கரைந்து நின்றுவிடும். காற்றுப் போகும் திசையிலேயே ஓடினால் வாயுவும் நம்முடன் வரும். ஆகவே காற்றுக்குக் குறுக்காக விலகிச் செல்ல வேண்டும். எரியும் கண்களைத் தேய்க்காமல், சுத்தமான நீரால் பதினைந்து நிமிடமாவது கழுவ வேண்டும்.

6. அவருடைய சட்டையைக் குழந்தையின் துணியோடு துவைக்கலாமா?

நாங்கள் திரட்டிய கேள்விகளுள் எங்களை மிகவும் சிந்திக்க வைத்தது இதுவே. கேட்டவர் ஓர் இளம் தாய். அவருடைய கணவர் பழைய பேட்டரிகளிலிருந்து காரீயம் பிரிக்கும் இடத்தில் வேலை செய்கிறார். குழந்தைக்கு ஒரு வயது.

விடை, "கூடவே கூடாது" என்பதாகும். காரீயத் தூசு கண்ணுக்குத் தெரியாது, நெடியும் இராது. சட்டையிலும், தலைமுடியிலும், செருப்பிலும் ஒட்டி அது வீட்டுக்கு வரும். தவழும் குழந்தை தரையைத் தொட்ட கையை வாயில் வைக்கும். குழந்தையின் உடல் பெரியவர்களைவிட மிகுதியாகக் காரீயத்தை ஏற்கும். அது மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இவ்வளவு வரை தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். இதனாலேயே நம் நாட்டில் 2000ஆம் ஆண்டில் காரீயம் கலந்த பெட்ரோல் நிறுத்தப்பட்டது. 2017 நவம்பர் முதல் வீட்டுப் பெயிண்டில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் காரீயம் இருக்கலாகாது என்ற விதி நடைமுறைக்கு வந்தது.

அந்த அக்காவிடம் நாங்கள் சொன்னவை இவை: வேலை முடிந்ததும் அங்கேயே குளித்து, வேறு உடை மாற்றி வருவது நல்லது. இயலாவிடில் வீட்டுக்குள் நுழையுமுன் குளிக்க வேண்டும். அதன் பிறகே குழந்தையைத் தூக்க வேண்டும். வேலை உடையை உதறாமல் தனி வாளியில் துவைக்க வேண்டும். தரையைப் பெருக்காமல் ஈரத் துணியால் துடைக்க வேண்டும். தந்தைக்கும் குழந்தைக்கும் இரத்தத்தில் காரீயம் உள்ளதா என்று மருத்துவரிடம் கேட்டுப் பரிசோதிக்க வேண்டும். அதைக் கேட்ட அவர், "இதை யாரும் எனக்குச் சொல்லவில்லையே" என்றார்.

அன்பார்ந்த தோழியரே, மஞ்சளைச் சிவக்க வைக்கும் அதே அறிவுதான் ஒரு குழந்தையைக் காப்பாற்றும் அறிவும். தேர்வில் இரண்டு மதிப்பெண் பெற்றுத் தரும் பாடம், நம் தெருவில் ஒருவருக்கு உயிர் காக்கும் செய்தியாகலாம். ஆகவே வீட்டில் யார் எதைக் கேட்டாலும், "இதுகூடத் தெரியாதா?" என்று நகைக்காமல் கேளுங்கள். விடை தெரிந்தால் எளிய தமிழில் கூறுங்கள். தெரியாவிடில் ஆசிரியையிடம் கேட்டு, மறுநாளே சென்று சொல்லுங்கள். கேட்டவர் அன்றிரவே அந்தச் சட்டையைத் துவைக்க வேண்டியிருக்கலாம்.