இருட்டறை தரும் பாடம்

பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த அறிஞர் இப்னு அல்-ஹைதம் (ஏறத்தாழ 965–1040), கண்ணிலிருந்தே கதிர் புறப்படுகிறது என்னும் யூக்ளிட், தாலமி ஆகியோரின் கொள்கையை மறுத்தார். பல விளக்குகளின் ஒளியை ஒரே துளைவழி இருட்டறைக்குள் செலுத்தி ஆராய்ந்ததைக் 'கிதாபுல் மனாழிர்' என்னும் நூலில் விளக்கினார். அதன் எளிய வடிவை மாணவரும் செய்து காணலாம்.

காலணி அட்டைப்பெட்டியின் உட்புறம் கருந்தாள் ஒட்டுக. ஒரு முனையில் ஊசித்துளை இடுக. எதிர்முனையை வெட்டியெடுத்து, எண்ணெய் தடவிய வெள்ளைத்தாளைப் பொருத்தி மூடுக. இருண்ட அறையில், இரண்டடித் தொலைவில் மூன்று மெழுகுவர்த்திகளை இடைவெளிவிட்டு ஏற்றி, துளையை அவற்றின் பக்கம் திருப்புக. தாளில் மூன்று சுடர்களும் தலைகீழாகத் தோன்றும். இடப்புறச் சுடரை மறைத்தால், வலப்புறப் படிமம் மட்டும் மறையும். ஒரே துளையில் நுழைந்தும் கதிர்கள் கலவாமல் நேர்க்கோட்டில் செல்வதே காரணம்.

முன்னோர் கூற்றாயினும் சோதித்துத் தெளிவதே அவர் நெறி. அவர் பெயரை மேடைதோறும் மொழிவதினும், இப்பெட்டியை ஒருமுறை செய்து பார்த்தலே அவருக்குரிய மரியாதையாகும்.