எறும்பின் சீதனம்

தென் அமெரிக்கக் காடுகளில் இலைவெட்டி எறும்புகள் பச்சை இலைத் துணுக்குகளைச் சுமந்து சாரிசாரியாகச் செல்லும். அவை இலையைத் தின்பதற்காகவே கொண்டுபோவதாகப் பலர் எண்ணினர். நிகரகுவாவில் அவற்றின் புற்றுகளை ஆராய்ந்த தாமஸ் பெல்ட், அந்த இலை உரமே, அதன்மீது வளரும் பூஞ்சையே உணவு என்று 1874-இல் எழுதினார்.

இவ்வேளாண்மை மிகத் தொன்மையானது. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் விண்கல் மோதி, ஒளியின்றித் தாவரங்கள் மடிந்தன. மட்கியவற்றில் பூஞ்சைகள் தழைத்தன. எறும்புகள் அவற்றைப் பயிரிடத் தொடங்கியது அக்காலத்தில்தான் என்கிறது 2024-இல் வெளியான ஓர் ஆய்வு. மனிதன் விதைக்கக் கற்று ஏறத்தாழ 12,000 ஆண்டுகளே ஆகின்றன!

முதிர்ந்த புற்று பல மீட்டர் ஆழமுடையது. நூற்றுக்கணக்கான அறைகள் கொண்டது. ஆயினும் அதன் தொடக்கம் ஒரே ஒரு ராணி. தாய்ப்புற்றை விட்டுப் பறக்கும் இளம் ராணி, வாயினுள் உள்ள சிறு பையில் பூஞ்சைத் துணுக்கொன்றைச் சீதனம்போல் எடுத்துச் செல்கிறது. இறகுகளை உதிர்த்து, மண்ணில் வளை தோண்டி, வாயிலை அடைத்துக்கொள்கிறது. துணுக்கை உமிழ்ந்து, தன் கழிவையே உரமாக இட்டு வளர்க்கிறது. பசித்தாலும் பூஞ்சையில் வாய் வைப்பதில்லை. தான் இட்ட முட்டைகளில் பலவற்றையே உண்கிறது. முதல் வேலைக்கார எறும்புகள் வெளிவரச் சில வாரங்களாகும். அதற்குள் பூஞ்சை பட்டுப்போனால், அந்தக் குடியும் அத்துடன் அழிந்தது.