செதிலுக்கு மேலேயும் தோல்

அன்புள்ள மாணவிக்கு,

பாளையம் சந்தையில் சேச்சி ஒருவர் கரிமீன் சுரண்டுவதைப் பார்த்துவிட்டு நீ கேட்டது மனசைவிட்டுப் போகவில்லை: "செதில் போனபிறகுதானே தோல் வருகிறது?" இதே தவறைப் பெரியவர்களும் செய்கிறார்கள். பாடப்படங்கள் வேறு, ஓடு வேய்ந்த கூரைபோலச் செதிலை வெளியே அடுக்கிக் காட்டுகின்றன. பார்க்கும்போதெல்லாம் எரிச்சல்தான்.

பாம்பின் செதிலையும் மீனின் செதிலையும் ஒன்றாக நினைப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது. பாம்புக்கு அது மேல்தோலே தடித்த பகுதி. கரிமீனுக்கோ உள்தோலில் விளையும் மெல்லிய எலும்புத் தகடு. அதன்மேல் உயிருள்ள மேல்தோல் போர்த்தியிருக்கிறது. சுறா மட்டும் விதிவிலக்கு. பல் போன்ற அதன் செதில்கள் மேல்தோலைத் துளைத்து வெளியே நீட்டுகின்றன.

சான்று கேட்பாய். ஒரு செதிலைப் பிடுங்கி வளர்ப்புக் கரைசலில் இட்டால், அதில் ஒட்டிவந்த மேல்தோல் செல்கள் சில மணி நேரத்தில் விளிம்பைத் தாண்டித் தாள்போலப் பரவுகின்றன. கெரட்டோசைட் என்று பெயர். தனியே பிரிந்த ஒவ்வொன்றும் விசிறி வடிவம். வடிவம் குலையாமல் நிமிடத்துக்கு 10 மைக்ரான், சில சமயம் அதற்கும் மேல் வழுக்கிச் செல்லும். செல் எப்படி நடக்கிறது என்று அறிய ஆய்வகங்கள் இதைத்தான் தேடிப்போகின்றன. 1991-இல் ஜூலி தெரியோட், டிமோதி மிட்சிசன் இருவரும் இச்செல்லின் ஆக்டின் இழைகளில் ஒளிரும் குறியிட்டுப் பார்த்தார்கள். செல் முன்னே நகர, குறி ஏறத்தாழ நின்ற இடத்திலேயே நின்றது! முன்விளிம்பில் புது இழை முளைக்க, பின்னால் பழையது கரைகிறது. மீனுக்கு இந்த நடை எதற்கு? செதில் கழன்ற காயத்தை விரைந்து மூடத்தான். நமக்கு நாள்கணக்கில் ஆகும் வேலை, மீனுக்குச் சில மணி நேரத்தில் முடிகிறது.

நம் மேல்தோலின் வெளியடுக்கு செத்துக் காய்ந்தது. மீனுடையது கடைசி அடுக்குவரை உயிருள்ளது; அந்தச் செல்களின் முகத்தில் கைரேகைபோல நுண்வரிகள் ஓடும். இடையிடையே கோப்பை வடிவச் செல்கள் கோழை சுரக்கும். அதை அழுக்கு என்று சொல்லாதே. கிருமியைத் தாக்கும் லைசோசைம் அதில் உண்டு. கரிமீனின் உறவான பள்ளத்தியின் குஞ்சுகள் தாய் தந்தையின் உடம்பில் அந்தக் கோழையையும் கொத்தித் தின்கின்றன.

கெண்டை, கெளுத்தி இனங்களில் இன்னொரு வகை உண்டு: கதாயுதம் போன்ற பெரிய செல்கள். இவற்றுக்கு வெளியே திறப்பே கிடையாது. தோல் கிழிந்தால்தான் உள்ளிருப்பது நீரில் கலக்கும். காயம்பட்ட தோலிலிருந்து கசியும் பொருளால் கூட்டம் மிரண்டு ஓடுவதை 1938-இல் விவரித்தவர் கார்ல் ஃபான் ஃபிரிஷ். தேனீக்களின் நடனத்தைப் படித்து 1973-இல் நோபல் பரிசில் பங்கு பெற்ற அதே மனிதர். தேனீயைப் பற்றி அவர் எழுதியதைப் படிக்கிறவர்கள் மீனைப் பற்றி எழுதியதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நீ தாண்டாதே.

அடுத்த முறை பனிக்கட்டியில் கிடக்காத கரிமீனாக வாங்கு. கழுவாமல், இடுக்கியால் ஒரு செதிலை எடுத்து ஒரு துளி உப்புக் கரைசலில் வைத்து நுண்ணோக்கியில் பார். பக்கத்துச் செதிலுக்கு அடியில் புதைந்திருந்த பாதி கண்ணாடிபோலத் தெளிவாக இருக்கும். வெளியே தெரிந்த பாதியில் மேல்தோலும் கருநிறமிச் செல்களும் ஒட்டியிருக்கும். அந்த இரண்டு பாதியையும் வரைந்து அனுப்பு.