எழுதுகிறவர்களுக்குச் சில வீட்டுக் குறிப்புகள்

வீட்டு வேலைக்கு நடுவே கதை, கட்டுரை எழுதுகிறவர்களுக்கு, வ. புதுப்பட்டியில் எங்கள் வீட்டில் பலன் கொடுத்த யோசனைகள் இவை. செலவும் இல்லை, நேரமும் மிச்சம்.

1. தினசரி காலண்டரில் கிழிக்கிற தாளைக் குப்பையில் போடாதீங்க. பின்பக்கம் காலியாக இருந்தால் கிளிப்பில் மாட்டி, அடுப்படிச் சுவரில் ஒரு பென்சிலோடு தொங்கவிடுங்க. சுவரில் வைத்து எழுதினால் பேனாவில் மை இறங்காது. முழு வெள்ளைத் தாளைப் பார்த்தால் வருகிற மலைப்பு இந்தத் துண்டுத் தாளில் வராது.

2. டைரி அச்சடிக்கிற சிவகாசி பக்கத்திலேயே இருக்கிறது, நம் வீடுகளில் டைரிக்குப் பஞ்சமில்லை. பழைய டைரியில் எழுதும்போது அச்சடித்த தேதிகளை அடித்துவிடுங்க. இல்லாவிட்டால், எழுதாமல் விட்ட நாலு பக்கமே மனசைச் சோர வைத்துவிடும்.

3. ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் எழுத முடியாது, ஆனால் காது சும்மாதானே இருக்கிறது. பக்கத்து சீட்டுப் பேச்சில் பிடித்த ஒரு வரியை, இறங்கியதும் சொன்னபடியே குறித்துவிடுங்க. வீடு வந்து சேர்ந்தபின் எழுதினால் அது உங்கள் வரியாக மாறிவிடும்.

4. வீட்டில் மாடு கட்டிக் கிணற்றில் கமலை இறைத்த தாத்தா இருந்தால் உடனே நோட்டோடு உட்காருங்க. கூனை, வடம், வால்கயிறு என்று ஒவ்வொன்றாகப் பெயர் கேட்டு, யார் சொன்னது என்பதையும் சேர்த்து எழுதுங்க. இடைசெவலில் விவசாயம் பார்த்த கி. ராஜநாராயணன் இப்படிச் சேர்த்துச் சேர்த்துத்தான் 1982-இல் கரிசல் வட்டார வழக்குக்கு ஒரு சொல்லகராதியே கொண்டுவந்தார். அந்தத் தலைமுறை போனால் சொல்லும் கூடவே போய்விடும், தள்ளிப்போடாதீங்க.

5. நேரத்தை மிச்சப்படுத்த ஒரு வழி: எழுதி எழுந்திருக்கும்போது கடைசி வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிடுங்க. மறுநாள் எங்கே தொடங்குவது என்று முழிக்க வேண்டாம்.

6. 'நமக்குப் படிப்பு இல்லையே' என்று தயங்குகிறவர்கள் நம் மாவட்டத்து மேலாண்மறைநாட்டை நினைத்துக்கொள்ளுங்க. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, ஊரிலேயே கடை வைத்துப் பிழைத்த மேலாண்மை பொன்னுச்சாமிதான் 'மின்சாரப்பூ' சிறுகதைத் தொகுப்புக்கு 2007-இல் சாகித்திய அகாதெமி விருது வாங்கினார். கடைக்கு வந்துபோகிற சனங்களின் பாடுதான் அவருக்குக் கதை.

7. எழுதியதை செல்போனில் வாசித்துப் பதிவுசெய்து, வெங்காயம் உரிக்கும்போது போட்டுக் கேளுங்க. எங்கே மூச்சு முட்டுகிறதோ அங்கே வாக்கியம் நீளம். எங்கே கவனம் அடுப்புப் பக்கம் போகிறதோ, அந்தப் பத்தி வேண்டாம்.

8. முதல் பத்தியைக் கையால் மறைத்துவிட்டு இரண்டாவதிலிருந்து படித்துப் பாருங்க. கதை புரிந்தால் முதல் பத்தியை யோசிக்காமல் வெட்டலாம்.

9. வீட்டாரிடம் "எப்படி இருக்கு?" என்று கேட்டால் "நல்லாருக்கு" என்பார்கள், அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை. "எந்த இடத்துல சலிப்புத் தட்டுச்சு?" என்று கேளுங்க. உண்மையான பதில் வரும், மனசும் புண்படாது.

10. தெருக்காரர் கதையை எழுதினால் பெயரை மாற்றுவது மட்டும் போதாது. தொழில், தெரு, பிள்ளைகள் எண்ணிக்கை எல்லாவற்றையும் மாற்றுங்க. சின்ன ஊரில் நாளைக்கும் அவர் முகத்தில்தான் முழிக்கணும்.

11. கதையைப் பத்திரிகைக்கு அனுப்பும் முன் செல்போனில் படம் எடுத்து வைங்க. பிரசுரமாகாத கதை பல இடங்களில் திரும்பி வராது. தபாலில் போடுகிற அன்றே அடுத்த கதைக்கு ஒரு பத்தியாவது எழுதிவிடுங்க. கை வேலையில் இருந்தால் தபால்காரரை எதிர்பார்க்கிற தவிப்பு பாதியாகக் குறையும்.

12. எழுத விஷயம் இல்லை என்று தோன்றினால் மேற்கே மலையைப் பாருங்க. ராஜபாளையம் கொ.மா. கோதண்டம் இந்த மலையையும் இங்கே வாழ்கிற பளியர் பழங்குடியினரையும் வைத்தே நிறைய எழுதினார். 'காட்டுக்குள்ளே இசைவிழா' நூலுக்கு 2012-இல் பால சாகித்திய புரஸ்கார் கிடைத்தது. அவர் புத்தகங்களை நூலகத்தில் கேட்டு வாங்கிப் பிள்ளைகளுக்கும் படிக்கக் கொடுங்க.