மண்ணும் வெண்பனியும்

வேனிற்காலத்து விடியற்பொழுது. கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றின் புறத்தேயுள்ள திடலில் ஒரு பேருருவம் மல்லாந்து கிடக்கின்றது. தலையிலே முடி, முறுக்கிய மீசை, விழித்த கண்கள், கையிலே கதாயுதம். தலை முதல் கால் வரை அதன் நீளம் ஐம்பது அடிக்கும் மிகுதியாகும். அதன் மார்பின்மீது இருவர் ஏறி நின்று போர் புரியலாம். இன்னும் சிறிது நேரத்தில் புரியவும் போகின்றனர். அவ்வுருவமே துரியோதனன். சில நாள்களுக்கு முன்னர் அவ்விடம் வெறுந்திடலாகவே இருந்தது.

இதனைப் படுகளம் என்பர். திரௌபதியம்மன் கோயில் உள்ள ஊர்கள் பலவற்றில் பாரதக் கூத்து நிறைவுறும் நாளில் இது நிகழும். பகலில் பாரதச் சொற்பொழிவும் இரவில் தெருக்கூத்துமாகப் பல நாள்கள் விழா நடைபெறும். கூத்து இரவு தொடங்கி விடியும்வரை நீளும். ஆயினும் படுகள நாளில் கதை மேடையை விட்டு இறங்கி மண்ணுக்கே வந்துவிடுகின்றது.

உருவம் ஆக்கப்படும் முறை அறியத்தக்கது. அளவு குறிப்பவர் முதியவர் ஒருவராகவோ கூத்துக் கலைஞராகவோ இருப்பர். ஏட்டில் வரைந்த படம் எதுவும் அவரிடம் இல்லை. கயிறும் காலடியுமே அவருக்குக் கருவிகள். மண் சுமப்போர் சுமக்க, நீர் கொணர்வோர் கொணர, மிதிப்போர் மிதித்துப் பதப்படுத்துவர். நீர் மிகுந்தால் மண் சரியும், குறைந்தால் உதிரும். அந்தப் பதம் கைக்குத் தெரிய வேண்டுமேயன்றி வாயால் சொல்லி விளங்க வைத்தல் அரிது. மேடாகக் குவித்த மண்ணைத் தட்டித் தட்டித் தோளும் மார்பும் தொடையும் ஆக்கிய பின்னர் வண்ணம் தீட்டுவர். தொடையினுள்ளே செந்நீர் நிறைந்த கலம் ஒன்றை மறைத்து வைப்பதும் உண்டு.

வீமனும் துரியோதனனும் ஆகிய வேடம் தாங்கியோர் அவ்வுருவைச் சுற்றியும் அதன்மேல் ஏறியும் பொருவர். இறுதியில் வீமன் தொடையில் அடிப்பான், செந்நீர் பெருகும், அவிழ்ந்து கிடந்த கூந்தலைத் திரௌபதி முடிப்பாள். அதன் பின்னர் நிகழ்வதுதான் வியப்பு. அத்தனை பேர் உழைத்து ஆக்கிய உருவை எவரும் காத்து வைப்பதில்லை. பலர் அதன் மண்ணில் ஒரு பிடி எடுத்து இல்லத்திற்கும் வயலுக்கும் கொண்டு செல்வர். எஞ்சியதை மக்களின் காலடியும் அடுத்து வரும் மழையும் கரைத்துவிடும். ஆக்கியோர் பெயர் எங்கும் பொறிக்கப்படுவதில்லை. அடுத்த விழாவிற்கு மீண்டும் முதலிலிருந்தே தொடங்க வேண்டும்.

இக்காலக் கலை அறிஞர் வழங்கும் பெயர்கள் இரண்டு உண்டு. ஓரிடத்தில் கிடைக்கும் பொருளைக் கொண்டே அவ்விடத்திற்கென ஆக்குவது சூழற்கலை. ஒருவர் தனித்திருந்து படைக்காமல், ஊரார் கூடி ஆக்குவது சமூகக் கலை. படுகளம் இவ்விரண்டும் ஆகும். ஊராரோ அதனைக் கலை என்றுகூடச் சொல்வதில்லை. விழா என்றே சொல்வர்.

ஊரார் விழாவெனச் செய்யும் இத்தகைய செயலைப் பல்கலைக்கழகப் பாடமாக வகுத்துக் கற்பிக்கும் இடம் ஒன்று உலகின் வடகோடியில் இருக்கின்றது. அது பின்லாந்து நாட்டின் ரொவானியெமி நகரம். ஆர்க்டிக் வட்டத்தை அடுத்துள்ள அந்நகர் 1944ஆம் ஆண்டு, பின்வாங்கிச் சென்ற செருமானியப் படையால் எரியுண்டு பெரும்பாலும் அழிந்து, பின்னர்ப் புதிதாகக் கட்டப்பட்டது. 1979இல் அங்கு லாப்லாந்துப் பல்கலைக்கழகம் தோன்றியது. அங்கே கலைக்கல்விப் பேராசிரியராக விளங்கிய திமோ யொகெலா என்பார் சூழற்கலையையும் சமூகக் கலையையும் இணைத்துப் பயிற்றும் முறையை வளர்த்தவருள் முதன்மையானவர்.

அந்நாட்டுக் குளிர்காலம் நீண்டது. மார்கழியில் கதிரவன் அடிவானத்தை ஒட்டிச் சிறிது நேரமே ஒளி காட்டுவான். நிலமெங்கும் வெண்பனி மூடிக் கிடக்கும். ஆகவே மாணவர்க்கு முதற்பொருள் வெண்பனியே. பலகைகளால் பெரிய பெட்டி போன்ற அச்சு அமைத்து, அதனுள் வெண்பனியைக் கொட்டி மிதித்து இறுக்குவர். சில காலம் விட்டுவைத்தால் துகள்கள் ஒன்றோடொன்று பிணைந்து திண்மை பெறும். பின்னர்ப் பலகையை நீக்கி, வாளாலும் மண்வெட்டி போன்ற கருவிகளாலும் செதுக்கி உருவம் காண்பர். மிதித்தல் இங்கும் உண்டு, அங்கும் உண்டு! வேனில் வந்ததும் அவ்வுருவம் உருகி நீராகிவிடும். அதே நாட்டுக் கெமி நகரில் 1996 முதல் குளிர்காலத்தில் வெண்பனிக் கோட்டை எழுப்பும் வழக்கமும் உண்டு.

ஆயினும் பனி செதுக்குவது அப்படிப்பின் ஒரு கூறு மட்டுமே. மாணவர் சிற்றூர்களுக்குச் சென்று முதியோரிடம் வினவ வேண்டும். விறகு அடுக்கும் முறை, வைக்கோல் உலர்த்தும் முறை, மீன்வலை பின்னும் முறை ஆகியவற்றில் மறைந்துள்ள கைத்திறனைக் கண்டறிந்து, அவ்வூராரோடு கூடிப் புதியதொன்றை ஆக்க வேண்டும். கலைஞன் தன் எண்ணத்தை ஊரின்மீது சுமத்தலாகாது என்பது அங்குக் கற்கும் முதற்பாடம்.

ஓசூரிலிருந்து ஒரு மாணவி அங்கே பயிலச் சென்றால் என்ன காண்பாள்? குளிரும் மொழியும் அவளுக்குப் புதியனவாக இருக்கும். வேலையோ அத்துணைப் புதிதாக இராது. ஆனால் ஒரு வேறுபாட்டை அவள் உணர்வாள். அங்கே ஊராரை ஒன்றுகூட்டக் காரணம் தேட வேண்டியிருக்கின்றது. அதற்கே பாடமும் பயிற்சியும். இங்கே காரணம் முன்னரே இருக்கின்றது. குறைவது கைகளும் திடலுமே.

1970களில் ஓசூரில் தொழிற்பேட்டை எழுந்தது. பின்னர்ச் சரக்குந்து, இருசக்கர வண்டி, கைக்கடிகாரம் ஆகியவற்றின் ஆலைகள் வந்தன. 2019இல் ஓசூர் மாநகராட்சியாயிற்று. வயல்கள் பல மனைகளாயின. இரவும் பகலும் முறை மாற்றி இயங்கும் ஆலையில் பணி செய்வோர் விடியும்வரை கூத்துப் பார்த்தல் எளிதன்று. மண் சுமக்க ஒரு நாள் விடுப்பு வேண்டும்; உருவம் கிடக்க ஐம்பது அடித் திடல் வேண்டும்.

தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து ஒலிக்கும் எல்லைப்புறம் இது. எல்லைக்கு அப்பால் பெங்களூரிலும் திரௌபதியைப் போற்றும் கரக விழா சித்திரை முழுமதி நாளில் நிகழ்கின்றது. வேலை தேடி ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தோரும் ஓசூரில் பலர். கூத்தின் மொழி அவர்க்கு விளங்காது. எனினும் கதையோ அவர்க்குப் புதிதன்று. தொடையில் அடி விழும் வேளையில், அடிப்பவன் யாரென எவரும் அவர்க்குச் சொல்ல வேண்டுவதில்லை.

திடலில் முதியவர் கயிற்றின் ஒரு முனையை ஊன்றிப் பிடித்து நிற்கிறார். மறுமுனையைப் பற்றிக்கொண்டு துரியோதனனின் கால்மாட்டை நோக்கி நடக்க ஒருவர் வேண்டும்.